மீனை விட்ட பூனையும் கீழ்வீட்டு அக்காவும்

எங்கள் குடியிருப்பில் "வயசாயிட்டுல்லா" என்று யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டோம். கீழ்வீட்டு அக்காவின் காதில் விழுந்தால் தொலைந்தது. கையில் கரண்டி இருந்தால் கரண்டியோடு, துடைப்பம் இருந்தால் துடைப்பத்தோடு படியேறி வந்துவிடுவார். "சரி, வயசாயிட்டு. அப்புறம்? கோளாறு எங்கன்னு சொல்லுங்க" என்பார். அக்கா மகனோடு கோயம்புத்தூருக்குக் குடிபோய் ரொம்ப நாளாகிவிட்டது. அங்கே யார் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்களோ தெரியாது. ஆனாலும் எனக்கு இன்னும் அந்தச் சொல் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது.

திருவனந்தபுரம் கரமனையில் எங்களுடையது மூன்று மாடிக் கட்டடம். லிப்ட் உண்டு. அது ஒருமுறை இரண்டாவது மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றது. மெக்கானிக் வந்தார், பார்த்தார், "பழைய லிப்டாணு சேச்சி, ப்ராயம் ஆயி" என்று லிப்டுக்கும் வயசைச் சொல்லிப் பையை மூடினார். அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து லிப்ட் வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். நைட்டி, தோளில் துவர்த்துத் துண்டு, கண்ணாடி மூக்கு நுனியில். "பழசுன்னு நீ வரதுக்கு முன்னாலயே எங்களுக்குத் தெரியும் மோனே. பழசுன்னு சொல்லவா உன்னைக் கூப்பிட்டோம்? எங்க நிக்குதுன்னு பாரு" என்றார். பாவம், அந்த ஆள் மறுபடி பையைத் திறந்து, கதவு ஓடும் பள்ளத்தை முனையிலிருந்து முனைவரை துழாவி, கடைசியில் ஒரு புளியங்கொட்டையை எடுத்தார். அது எங்கள் வீட்டுப் புளியிலிருந்து விழுந்தது என்பது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரியும். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

அக்காவுக்கு நாகர்கோவில் பக்கம். டெலிபோன் ஆபீசில் புகார்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். லைன் போய்விட்டது என்று ஆள் கூப்பிட்டால், எங்கே போயிற்று என்று முனையிலிருந்து தேடச்சொல்வது அவர் வேலை. ஆபீசிலிருந்து கம்பம்வரை சரியா, கம்பத்திலிருந்து வீடுவரை சரியா, வீட்டுக்குள் கருவி சரியா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவார்களாம். "பழைய கேபிள்" என்று ஒருவர் சொன்னால் அக்காவுக்குப் பிடிக்கவே பிடிக்காது. "பழைய கேபிள்ல நேத்து வரைக்கும் பேசினாங்கல்லா? இன்னைக்கு என்ன ஆச்சு?" என்பாராம். அந்தக் கேள்வியை ஆபீசில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். எங்கள் துரதிர்ஷ்டம், வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எனக்கோ வயசாவது மிகவும் பிடித்திருந்தது. கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஊழியர்களுக்கு வண்டி அனுப்பும் பிரிவில் இருந்தவன் நான். வண்டி தாமதமா, வரவே இல்லையா, வேறு ஊருக்குப் போய்விட்டதா, எல்லாவற்றுக்கும் "ஹைவேயில் டிராபிக்" என்ற ஒரே பதிலில் ஒரு ஆயுளை ஓட்டியவன். ஓய்வு பெற்றதும் அந்தப் பதில் செல்லாக்காசாகிவிட்டது. கேஸ் சிலிண்டரை ஏன் நகர்த்தவில்லை என்று மனைவி கேட்டால் டிராபிக் என்று சொல்ல முடியுமா? நல்லவேளை, அந்த நேரம் பார்த்து வயசு வந்து சேர்ந்தது. முழங்காலைத் தடவிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டால் போதும், சிலிண்டர் தானாக நகர்ந்தது. நகர்த்தியது யார் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

பழவங்காடி கணபதி கோவிலில் ஒருநாள் நல்ல கூட்டம். தேங்காய் உடைக்கக் காத்திருந்தவர்களிடம், "வயசான ஆள், கொஞ்சம் வழி விடுங்க" என்று நானே எனக்காகச் சொல்லிக்கொண்டு உள்ளே புகுந்தேன். பின்னால் சட்டை இழுபட்டது. திரும்பினால் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், கடைசியில் நின்றுகொண்டிருக்கிறார். "தம்பி, காலைல பஸ்ஸுக்குப் பின்னால ஓடினியோல்லா, நான் பாத்தேன். பிள்ளையாரும் பாத்திருப்பாரு. பின்னால வாங்க" என்றார். அறுபதை நெருங்கும் மனிதனை ஊர் பார்க்க "தம்பி" என்று கூப்பிட்டால் அவன் எப்படி முதியவனாக இருப்பது? என் முதுமைக்கு அக்கா வைத்த முதல் வேட்டு அந்தச் சொல்தான்.

அதோடு விட்டாரா? என் முழங்காலையும் விடவில்லை. டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நச்சரித்து அனுப்பினார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வயசுக்கு உள்ள தேய்மானம்தான், எடையைக் குறையுங்கள் என்றார். நான் வெற்றிவீரனாகத் திரும்பி வந்து, "வயசுதானாம் அக்கா!" என்று வாசலிலேயே அறிவித்தேன். அக்கா சீட்டை வாங்கிப் படித்தார். "எடைன்னு எழுதியிருக்காரு பாத்தியளா? அதாக்கும் கோளாறு" என்றார். முதல் பாதி அவர் கண்ணில் படவே இல்லை. அன்றிலிருந்து என் மனைவி எனக்கு இட்லியை எண்ணி வைக்க ஆரம்பித்தாள்.

இப்போது சக்கியைப் பற்றிச் சொல்லவேண்டும். சக்கி என் மகள் பள்ளியில் படிக்கும்போது தூக்கிக்கொண்டு வந்த பூனை. காவி நிறம். பெண் என்று நினைத்து அக்கம்பக்கத்து மலையாளப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஆண் என்று தெரிந்த பிறகும் மாற்றவில்லை, அவனும் ஆட்சேபிக்கவில்லை. மகள் அயர்லாந்துக்கு வேலைக்குப் போனபோது சக்கிக்குப் பூனைக் கணக்கில் நடுவயது தாண்டியிருந்தது. அவனை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாவின் போனுக்குக் கூப்பிடுவாள். அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். சமையல், சம்பளம், கல்யாணம், பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் போகும். பிறகு போன் என் கைக்கு வரும். "அப்பா, சக்கி எப்படி இருக்கான்? மூஞ்சியைக் காட்டுங்க" என்பாள். காட்டுவேன். "எந்து சுந்தரனாணு!" என்று கொஞ்சுவாள். நான் சிரிப்பேன். போன் திரும்ப அம்மாவிடம் போய்விடும். எனக்கும் மகளுக்கும் நடுவில் இருந்த பேச்சு அவ்வளவுதான். அதற்கு நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன் என்பதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். மீன் எங்கள் வாசல்படி தாண்டாது. சக்கிக்கும் அதே சட்டம்தான், ஆனால் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரத் தடையில்லை. அவன் கீழே அக்கா வீட்டு வாசலில் நெத்திலி சாப்பிடுவான். வாயைத் துடைத்து, காலை நக்கி, ஒன்றுமே நடக்காதவன் போல் மேலே வருவான். ஒருநாள் அவன் நெத்திலியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். மறுநாளும் அப்படியே. எங்கள் வீட்டுத் தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து வைத்தால் மெதுவாக நக்கிச் சாப்பிட்டான். எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. என் அப்பாவால் எங்கள் மாமாவைக்கூடச் சைவமாக்க முடியவில்லை. நான் ஒரு பூனையை மாற்றியிருக்கிறேன்! நிறமும் காவியாக இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. காலையில் எனக்கு வைத்துக்கொள்ளும்போது அவன் நெற்றியிலும் ஒரு கீற்றுத் திருநீறு வைத்தேன். பார்த்தவர்களிடமெல்லாம், "முதிர்ச்சி வந்துட்டுது, பார்த்தீங்களா? வயசாக ஆக அதுக்கே தோணுது" என்றேன். சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா கும்பிடவில்லை. படியேறி வந்து, நெற்றியில் திருநீறோடு படுத்திருந்த சக்கியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "நல்ல நெத்திலியை ஒரு பூனை வேண்டாம்னு சொல்லுதுன்னா, ஒண்ணு நெத்திலி சரியில்ல, இல்லன்னா பூனை சரியில்ல. நெத்திலி நான் வாங்கினது" என்றார்.

"அவன் பக்குவப்பட்டுட்டான் அக்கா" என்றேன்.

"சவத்த விடுங்க தம்பி. பக்குவப்பட்டவன் வாயை ஏன் ஒரு பக்கமா வச்சுத் திங்கான்?"

டார்ச் எடுத்துக்கொண்டு அவன் வாயைத் திறக்கப் போனார். சக்கி துறவறத்தை மறந்து அவர் கையைப் பிறாண்டினான். அக்கா அசரவில்லை. "வாய் நாறுது. வலி இங்கதான்" என்று துவர்த்தில் கையைச் சுற்றிக்கொண்டு என்னையும் பூனையையும் ஆட்டோவில் ஏற்றினார். மிருக டாக்டர் இளம்பெண், மலையாளி. ஈறு வீங்கி, கடைவாய்ப் பல் ஒன்று அழுகியிருந்தது. பல்லை எடுத்த பிறகு கொஞ்சநாளில் சக்கி அக்கா வாசலில் உட்கார்ந்து நெத்திலியைக் கடித்துத் தின்கிற சத்தம் மேல்மாடிவரை கேட்டது. அவனைக் கும்பிட்டவர்களையெல்லாம் நான் தவிர்த்து, பின்வழியாகக் கடைக்குப் போய்வந்தேன்.

அந்த வெற்றி அக்காவின் தலைக்கேறிவிட்டது. அதன்பிறகு சக்கி கொட்டாவி விட்டாலும் விசாரணை. கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் கோளாறு எங்கே. மீசையில் ஒரு முடி வெளுத்தால் ஏன் வெளுத்தது. ஒருநாள் அவன் உதட்டிலும் மூக்கிலும் கறுப்புப் புள்ளிகள் இருப்பதைப் பார்த்துவிட்டார். "ஏதோ பரவுது தம்பி! இதை இப்பமே பாக்கணும்!" என்று அலறி, ஷேவ் செய்துகொண்டிருந்த என்னைப் பாதி முகத்தில் நுரையோடு படியிறக்கி டாக்டரிடம் இழுத்துப்போனார். டாக்டர் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "சேச்சி, ஆரஞ்சுப் பூனைக்கு வயசாகும்போது இந்தப் புள்ளி வரும். நமக்கு முகத்துல மச்சம் வர்ற மாதிரி. கண்ணுல லேசா நீலப் பூச்சு தெரியுது, அதுவும் ப்ராயத்தோடது. பார்வை இருக்கு. பேடிக்கண்டா, பயப்படாதீங்க" என்றார்.

"வயசுன்னா?" என்றார் அக்கா.

"வயசுன்னா வயசுதான் சேச்சி."

அக்கா விடவில்லை. மறுநாள் பேரூர்க்கடைப் பக்கம் வேறொரு டாக்டரைத் தேடிப் போனோம். அவரும் அதையே சொன்னார். நான் அன்று மாலை மாடி மாடியாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். முழங்கால் ஒரு இடத்திலும் வலிக்கவில்லை.

என் புத்தி கெட்டுப்போனது அந்த வெற்றியால்தான். சக்கியிடம் அதற்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. பசி. எங்கள் வீட்டுத் தயிர்சாதம், அக்கா வீட்டு மீன், மூன்றாம் மாடியில் கோழி, எல்லாம் சாப்பிட்டுவிட்டு மறுபடி தட்டருகே நின்று கத்தினான். கிழவனாகத் தூங்கிக்கொண்டிருந்தவன் வீடெல்லாம் உலாத்தினான். "இந்த வயசுல என்ன பசி பாரு! என்ன சுறுசுறுப்பு! கொடுத்து வச்சவன்" என்று பெருமைப்பட்டேன். ஜன்னல் திட்டில் மட்டும் ஏறுவதில்லை. அங்கே உட்கார்ந்து காக்கையைப் பார்ப்பது அவனுக்கு உயிர். இப்போது கீழேயே நின்று திட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். காக்கைமேல் ஆசை போய்விட்டது என்று முடிவுகட்டினேன்.

ஆனால் தடவிக் கொடுக்கும்போது முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. தட்டுப்பட்டதும் கையை எடுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் முகத்தை மட்டும் நெருக்கமாகக் காட்டினேன். முகம் மெலியவில்லை, கண்ணும் பெரிதாகத் தெரிந்தது. மகள், "சுந்தரன்!" என்றாள். முகத்தை மட்டும் காட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றியது என்றால், மற்றதைக் காட்டக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதை நான் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

ஒரு ஞாயிறு, அப்படி நான் போனை அவன் மூக்கருகே பிடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா உள்ளே வந்தார். கொஞ்சம் நின்று பார்த்தார். "தம்பி, போனைக் கீழ இறக்குங்க. முதுகைக் காட்டுங்க பிள்ளைக்கு" என்றார்.

"ஆரு, அக்காவா? என்ன முதுகு?" என்றாள் மகள் அங்கிருந்து.

"லைன் சரியில்லம்மா, கேக்கல" என்று நான் போனை வைத்துவிட்டேன். டெலிபோன் புகார்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் முன்னால் லைன் சரியில்லை என்று சொன்ன ஒரே மூடன் இந்தத் திருவனந்தபுரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சக்கியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "இவ்வளவும் தின்னுட்டு இவன் வெறும் ரோமமா இருக்கான். உள்ள போறது எங்க போகுது?" என்றார்.

"டாக்டரே சொல்லிட்டாங்கல்லா அக்கா, வயசுன்னு."

"புள்ளியைச் சொன்னாங்க தம்பி. மெலிச்சலைச் சொல்லல. உள்ளதைச் சொல்லுங்க, உங்களுக்கு இது தெரியாதா?"

 என் மனைவி சமையலறையில் இருந்தாள், கேட்கும் என்று தெரிந்தும் சொல்லிவிட்டேன். "அவ என்கிட்ட பேசுறதே இவனைப் பத்தித்தான் அக்கா. வேற ஒரு வார்த்தை கிடையாது. இவனுக்கு ஏதாவதுன்னா, அப்புறம் அவ எதுக்கு என்கிட்ட பேசணும்?"

அக்கா சக்கியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பிறகு, "அதுக்காக இவன் இப்படிக் காஞ்சு போகணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். போனை எடுத்து என் கையில் வைத்தார். "நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லணும்" என்றார்.

சொன்னேன். மகள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். "எத்தனை நாளா அப்பா? எத்தனை நாளா எனக்கு மூஞ்சியை மட்டும் காட்டுறீங்க?" என்று அழுதாள். போனை வைத்தாள். சற்று நேரத்தில் அவளே கூப்பிட்டு, எந்த டாக்டர், எப்போது போகிறீர்கள், நானும் வீடியோவில் இருப்பேன் என்றாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம். "நல்லா சாப்பிடுறானே டாக்டர்" என்றேன் கடைசி நம்பிக்கையோடு. "அதாணு சார் பிரச்சினை" என்றார் டாக்டர். சாப்பிடுவதெல்லாம் உள்ளே எரிந்து போகிறது, இதயம் ஓடிக்கொண்டே இருக்கிறது, சுறுசுறுப்பு என்று நான் நினைத்தது அந்த ஓட்டத்தைத்தான். ஜன்னலில் ஏறாததற்கும் காரணம் இருந்தது. காக்கைமேல் ஆசை போகவில்லை, மூட்டில் வலி. சிறுநீரகமும் சற்றுத் தளர ஆரம்பித்திருந்தது. "தூக்கம் கூடுறது, புள்ளி வர்றது, இதெல்லாம் வயசு. இது வயசு இல்ல, வயசானவங்களுக்கு வர்ற நோய். ரெண்டும் வேற வேற சார்" என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பார்க்கவில்லை. மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எப்படிக் கொடுப்பது? மீனில் வைத்துத்தான். தயிர்சாதத்தில் வைத்தால் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையை என் காலடியில் துப்பினான். ஆகவே தலைமுறை தலைமுறையாகச் சைவம் காத்த குடும்பத்தின் வாரிசான நான், தினமும் காலையும் மாலையும் மாடிப்படியில் உட்கார்ந்து, மூக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் வேகவைத்த மீனைப் பிசைந்தேன். "முள்ளு பாத்து எடுங்க, கேட்டியளா? வாலுப் பக்கம் நல்லது" என்று அக்கா கீழ்ப்படியில் நின்று சொல்லித் தருவார். "உங்க அப்பா மட்டும் இதைப் பார்த்திருந்தா" என்று மனைவி மேலே நின்று சிரிப்பாள். நடுவில் நான். போனில் அயர்லாந்திலிருந்து மகள், "அப்பா, முழுங்கிட்டானா? வாயைத் திறந்து காட்டுங்க" என்பாள். கொஞ்சநாளில் மூக்கைப் பிடிக்க மறந்துவிட்டேன். ஜன்னலடியில் அக்கா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். சக்கி அதில் ஏறி, அங்கிருந்து திட்டில் ஏறி, காக்கைகளிடம் பழைய கணக்கைத் தொடர்ந்தான். முதுகில் சதை பிடித்தது. கிறிஸ்துமஸ் லீவுக்கு மகள் வந்தபோது அவள் திறந்து வைத்த பெட்டிக்குள் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தான்.

மகள் கூப்பிடுவது வாரத்துக்கு ஒருமுறை என்பது தினமும் என்றாயிற்று. பேச்சு என்னவோ சக்கியைப் பற்றித்தான். மாத்திரை, எடை, தண்ணீர் எவ்வளவு குடித்தான். அதுவும் போதும் என்றுதான் எனக்கு இருந்தது.

அடுத்த வெயில்காலத்தில் அவன் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் ஆனான். சிறுநீரகம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். ஊசி, திரவம், வேறு உணவு, எல்லாம் செய்தோம். சில நாள் தேறுவான், சில நாள் படுத்துவிடுவான். ஒரு காலையில் மீனை நீட்டினேன். நெத்திலிதான், வால் பக்கம்தான். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன். வந்தார். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வாயைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், காதுக்குப் பின்னால் சொறிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துவர்த்தில் துடைத்தார்.

"வயசாயிட்டு தம்பி" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "அது ஒரு பதிலாக்கா? நீங்களா இதைச் சொல்லுதியோ? எங்கன்னு பாருங்க! டாக்டர்கிட்ட போவோம், வேற டாக்டர்கிட்ட போவோம்!" என்று கத்தினேன். சட்டையை மாற்றாமல் ஆட்டோவுக்கு ஓடப்போனேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"பல்லைப் பாத்தாச்சு. கழுத்தைப் பாத்தாச்சு. மூட்டு, ரத்தம், மூத்திரம், எல்லாம் பாத்தாச்சு தம்பி. ஒண்ணையும் விடல. எல்லாத்தையும் பாத்த பொறவு மிச்சம் இருக்குல்லா, அதாக்கும் வயசு. அதுக்கு முன்னால சொன்னாத்தான் பொய்யி" என்றார்.  வலி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் டாக்டரும் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார், ஒரு ஊசி போட்டார். மத்தியானம் ஜன்னலடியில், அக்காவின் துவர்த்தின்மேல் சக்கி போனான். பின்பக்கம் மதிலோரம் வாழைமூட்டில் நானும் அக்காவும் குழி தோண்டினோம். நான் அழுதேன். அக்கா அழுதுகொண்டே, மண்ணை இன்னும் அமுக்கிப் போடுங்க என்று அதிகாரம் பண்ணினார்.

கையைக் கழுவிவிட்டு மகளைக் கூப்பிட்டேன். யாரும் சொல்லாமல் நானாக அவளைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை என்று மணி அடிக்கும்போதுதான் உறைத்தது. சொன்னேன்.  அந்தப் பக்கம் விசும்பல். வலிச்சுதா அப்பா என்று கேட்டாள். இல்லம்மா, தூங்குற மாதிரிதான் என்றேன். அவ்வளவுதான், என்னிடம் இருந்தது தீர்ந்துவிட்டது. மாத்திரை இல்லை, எடை இல்லை, காட்ட முகம் இல்லை. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனுக்காகக் கையை நீட்டினாள்.

"இந்தா அம்மாகிட்ட குடுக்கேன்" என்றேன்.

"வேண்டாம்ப்பா" என்றாள். "நீங்க கொஞ்சம் இருங்க. நீங்க பேசுங்க."

என்ன பேசுவது?  "அங்க மழையாம்மா?" என்று கேட்டேன்.

"ம். மழைதான்."

"இங்கயும் மழைதான்" என்றேன். வெளியே சித்திரை மாதத்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.